இரண்டாம் டிவிஷன் ஹாக்கியும் வைஸ்வாசர் குளிரும்

ஜனவரி 16, 2026, வெள்ளி – வைஸ்வாசர்

மைனஸ் ஒன்பது டிகிரி. பெர்லினிலிருந்து தென்கிழக்கே, போலந்து எல்லைப் பக்கம். மதியச் சாப்பாட்டுக்கு முன்னால் போய்ச் சேர்ந்துவிடலாம் என்றுதான் கிளம்பினேன். காட்புஸில் இணைப்பு ரயில் ரத்து. தண்டவாளத்தில் ஏதோ உறைந்துவிட்டதாம். அடுத்த வண்டி ஒரு மணி நேரம் கழித்து, அதற்கும் தாமதம் போட்டிருந்தார்கள். பிளாட்பாரத்தில் அத்தனை பேர் நின்றும் ஒருவர்கூட வாய்விட்டுத் திட்டவில்லை. பக்கத்தில் நின்ற அம்மாள் பலகையைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், பிளாஸ்க்கைத் திறந்து மூடியில் டீ ஊற்றி நீட்டினார். புதினா டீ, சர்க்கரை கிடையாது. சூடாக இருந்தது, அது போதும். பெயர்கூடக் கேட்காமல் மூடியை வாங்கித் துடைத்துப் பைக்குள் வைத்துக்கொண்டார்.

இந்தப் பயணமே ஒரு முழங்காலால் வந்தது. என்னோடு வேலை செய்பவருக்கு வைஸ்வாசர் சொந்த ஊர். அவருடைய அப்பாவுக்கு மூட்டு ஆபரேஷன் ஆகியிருக்கிறது, ஐஸ் ஹாக்கி சீசன் டிக்கெட் சும்மா கிடக்கிறது. "போய்ப் பார், ஊரையும் பார்த்த மாதிரி இருக்கும்" என்று அட்டையைக் கையில் கொடுத்துவிட்டார். லவுசிட்ஸர் ஃபுக்ஸே என்பது அணியின் பெயர், அதாவது லவுசிட்ஸ் வட்டாரத்து நரிகள். ஜெர்மனியின் இரண்டாம் நிலை லீக்கான டெல்-2வில் ஆடுகிறார்கள். பதினான்கு அணிகள், ஓர் அணிக்கு 52 ஆட்டம். பெரும்பாலும் வெள்ளி இரவு ஒன்று, ஞாயிறு ஒன்று. செப்டம்பரில் தொடங்கி மார்ச் வரைக்கும் இப்படித்தான் ஓடும்.

ஊருக்குள் நுழைந்ததும் கண்ணில் பட்டது இடைவெளிதான். அடுக்குமாடிக் குடியிருப்பு ஒன்று, அப்புறம் வெறும் புல்தரை, அப்புறம் இன்னொரு குடியிருப்பு. நடுவில் இருந்தவற்றை இடித்துவிட்டார்கள். கிழக்கு ஜெர்மனி இருந்த கடைசி வருடங்களில் இங்கே சுமார் 37,000 பேர் இருந்தார்கள். இப்போது சுமார் 15,000. கண்ணாடித் தொழிற்சாலைகள் ஒன்றன்பின் ஒன்றாக மூடப்பட்டன. நிலக்கரி இன்னும் இருக்கிறது, ஆனால் அதற்கும் 2038 என்று சட்டத்திலேயே கெடு வைத்துவிட்டார்கள். தெருப் பலகைகள் ஜெர்மனிலும் சோர்பிய மொழியிலும் இருக்கின்றன. அந்தப் பக்கத்தில் வாழும் ஸ்லாவிய இனத்தாரின் மொழி அது.

அரங்கம் புதுசு, 2013-இல் திறந்தது. சுமார் 3,000 பேர் கொள்ளும். ஊரில் ஐந்தில் ஒருவர் வந்தால் நிறைந்துவிடும் என்று கணக்குப் போட்டேன், உள்ளே போனால் நிஜமாகவே ஊரே அங்கேதான் இருந்தது. மதியம் எனக்கு ரொட்டி விற்ற பேக்கரிப் பெண் நீலமும் மஞ்சளுமாக மப்ளர் சுற்றிக்கொண்டு நின்றார்.

நின்று பார்க்கும் பகுதியில் எனக்குரிய இடத்தைக் கண்டுபிடித்து நின்றேன். அறுபது வயது இருக்கும் ஓர் அம்மாள் திரும்பிப் பார்த்து, "அது உன் இடம் இல்லை" என்றார். அட்டையைக் காட்டினேன். அட்டையைப் பார்த்தார், நம்பவில்லை. செல்போனை எடுத்து நேராக அட்டைக்காரருக்கே போட்டுவிட்டார். இரண்டு நிமிடம் பேசிவிட்டு என்னிடம் நீட்டினார். எதிர்முனையில் வணக்கம்கூடச் சொல்லாமல், "ஐஸ் எப்படி இருக்கிறது?" என்றார் பெரியவர். நன்றாக இருக்கிறது என்றேன், எனக்கு என்ன தெரியும்? கோல் விழுந்தால் உடனே செய்தி அனுப்ப வேண்டும், வானொலியில் தாமதமாகத்தான் வருகிறது, நாளை மூன்று மணிக்குக் காபிக்கு வா என்று சொல்லி வைத்துவிட்டார். அதற்கப்புறம் அந்த வரிசையில் எனக்கு ராஜமரியாதை. ஒருவர் பீர் வாங்கிக் கொடுத்தார். பீர் ஐந்து யூரோ, பிளாஸ்டிக் குவளைக்கு முன்பணம் இரண்டு. குவளையைத் திருப்பிக் கொடுத்தால் அது கிடைத்துவிடும். சுட்ட சாசேஜ் நாலரை. குளிருக்கு இதமாக மசாலா போட்டுச் சூடாக்கிய ஒயின், அதுவும் கிட்டத்தட்ட அதே விலை.

எதிரணி பவேரியாவிலிருந்து வந்திருந்தது. தொலைக்காட்சியில் ஐஸ் ஹாக்கி பார்த்தால் எனக்குப் பக் (பந்துக்குப் பதிலாக அடிக்கிற ரப்பர் வட்டு) எங்கே போகிறது என்றே தெரியாது. நேரில் கண்ணைவிடக் காது உதவுகிறது. ஸ்டிக்கில் பட்டால் ஒரு சத்தம், கோல் கம்பத்தில் பட்டால் வேறு சத்தம், தடுப்புக் கண்ணாடியில் ஆள் மோதினால் நெஞ்சுக்குள் இடிக்கிற சத்தம். என் முன்னால் ஒரு தடுப்பாட்டக்காரரின் ஸ்டிக் இரண்டாக முறிந்தது. முறிந்ததைக் கையில் வைத்துக்கொண்டு ஆடினால் பெனால்டி, அதாவது கொஞ்ச நேரம் வெளியே உட்கார வேண்டும். உடனே கீழே போட்டுவிட்டு, வெறுங்கையோடு, பக்கின் குறுக்கே உடம்பைக் கிடத்தினார். பக் தொடையில் பட்டது. எழுந்து நொண்டிக்கொண்டே பெஞ்சுக்குப் போனார், இரண்டு நிமிடத்தில் மறுபடி ஐஸில். இவர்களுக்கு மேல் லீக் சம்பளம் கிடையாது என்பதை அந்த நேரத்தில் நினைத்துக்கொண்டேன்.

ஆட்டத்தின் மூன்று பகுதியும் முடிந்து சமநிலை. கூடுதல் நேரத்தில் கோல் காப்பாளரைத் தவிர அணிக்கு மூன்று பேர் மட்டும்தான், ஐஸ் திடீரென்று பெரிதாகிவிடுகிறது. ஃபுக்ஸே ஜெயித்தார்கள். இரண்டு புள்ளி. முழு நேரத்தில் ஜெயித்திருந்தால் மூன்று. அந்த ஒரு புள்ளிக்காக அம்மாள் வீட்டுக்குப் போகிற வரைக்கும் புலம்பினார். பெரியவரிடமிருந்து ஒரே ஒரு செய்தி: "மூன்று எடுத்திருக்க வேண்டும்."

ஜனவரி 17, சனி – பாட் முஸ்காவ், அப்புறம் காபி

காலையில் பேருந்து பிடித்து பாட் முஸ்காவ் போனேன். 1815 வாக்கில் பூக்ளர் என்கிற பிரபு தொடங்கிய பூங்கா. நைசா ஆறு நடுவில் ஓடுகிறது, இந்தக் கரை ஜெர்மனி, அந்தக் கரை போலந்து. பெரும்பகுதி அந்தக் கரையில்தான் இருக்கிறது. 2004-இல் யுனெஸ்கோ பட்டியலில் சேர்த்தார்கள். கோடையில் கூட்டம் அலைமோதுமாம். இன்றைக்கு நானும் ஒரு நாயும் அதன் சொந்தக்காரரும்தான். பனியில் நடந்து நடந்து காலுறை நனைந்ததுதான் மிச்சம். பூங்காவைப் பற்றி இதற்கு மேல் எழுத என்னிடம் ஒன்றும் இல்லை, மே மாதம் போங்கள்.

பாலம் தாண்டினால் போலந்தின் லென்க்னிட்சா. சந்தை முழுக்க சிகரெட், மரக்கூடை, தோட்டத்துக் குள்ளர் பொம்மைகள். விலையெல்லாம் யூரோவிலேயே சொல்கிறார்கள். உருளைக்கிழங்கும் பாலாடைக் கட்டியும் அடைத்த பியரோகி ஒரு தட்டு ஆறு யூரோ. மேலே வதக்கிய வெங்காயம் நிறைய. இந்தப் பயணத்தில் நான் சாப்பிட்டதிலேயே சிறந்தது இதுதான், ஐஸ் ஹாக்கிக்குச் சம்பந்தமே இல்லாவிட்டாலும் எழுதிவைக்கிறேன். திரும்பும்போது பாலத்தருகே ஜெர்மன் போலீஸ் நிறுத்தி அடையாள அட்டை கேட்டார்கள். முன்னால் போன நாய்க்காரரைக் கேட்கவில்லை. சரி. அட்டையைப் பார்த்துவிட்டு, இங்கே என்ன வேலை என்றார் இளம் அதிகாரி. ஹாக்கி பார்க்க வந்தேன் என்றதும் அவருக்கு அது பொய்யாகத் தோன்றியது முகத்திலேயே தெரிந்தது.

மதியம் வைஸ்வாசரில் ஒரு சிறிய உணவகம். அவித்த உருளைக்கிழங்கு, தயிர்ப்பாலாடை, அதன்மேல் ஆளிவிதை எண்ணெய். லவுசிட்ஸ் வட்டாரத்துச் சாப்பாடு இது. எண்ணெயில் லேசான கசப்பு. முதல் இரண்டு வாய் பிடிக்கவில்லை, முடிக்கும்போது இன்னும் கொஞ்சம் எண்ணெய் கேட்டேன். பத்து யூரோ, ரொக்கம் மட்டும்.

மூன்று மணிக்குப் பெரியவர் வீடு. ஜெர்மன்காரர்களிடம் மூன்று என்றால் மூன்று, ஐந்து நிமிடம் முன்னால் போய்த் தெருமுனையில் நின்றேன். அவர் காலை ஸ்டூலில் நீட்டி உட்கார்ந்திருந்தார். மேசையில் காபி, மேலே உதிரியாக மாவும் சர்க்கரையும் தூவிச் சுட்ட கேக். அட்டையை வாங்கிச் சட்டைப்பையில் வைத்துத் தட்டிப் பார்த்துக்கொண்டார். பிறகு நேற்றைய ஆட்டத்தை முதலிலிருந்து சொல்லச் சொன்னார். எனக்குத் தெரியாததை நிறையக் கேட்டார்.

பணிக்காலம் முழுக்கக் கண்ணாடித் தொழிற்சாலையில் உலையடியில் வேலை செய்தவர். இந்த ஊரில் ஹாக்கி தொடங்கியதே கண்ணாடித் தொழிலாளர்கள்தான் என்றார். 1932-இல், யான்டைஷ் என்கிற குளம் உறைந்ததும். போருக்குப் பிறகு கிழக்கு ஜெர்மனியில் வருடத்துக்கு வருடம் வைஸ்வாசர்தான் சாம்பியன். மொத்தம் 25 பட்டம். பெர்லின் போன்ற தலைநகரத்து அணிக்கு 15-தான்.

அப்புறம் அந்தக் கதையைச் சொன்னார். ஒலிம்பிக் பதக்கம் கொண்டுவரும் விளையாட்டுகளுக்கு மட்டும்தான் இனி பணம் என்று 1969-இல் அரசு முடிவெடுத்தது. ஓர் ஐஸ் ஹாக்கி அணிக்கு இருபது பேர் வேண்டும், ஜெயித்தாலும் கிடைப்பது ஒரே பதக்கம். ஒரு ஸ்கேட்டிங் வீராங்கனை தனியாக இரண்டு மூன்று கொண்டுவருவார். ஆக, ஹாக்கிக்கு வெட்டு. க்ரிம்மிட்ஷாவ், டிரெஸ்டன் என்று எல்லா ஊர் அணிகளும் மேல்மட்ட ஆட்டத்திலிருந்து காணாமல் போயின. மிஞ்சியது இரண்டே இரண்டு: டைனமோ வைஸ்வாசர், டைனமோ பெர்லின். டைனமோ விளையாட்டு அமைப்புக்குத் தலைவர் எரிக் மீல்கே, ஷ்டாசி ரகசியப் போலீஸின் அமைச்சர். அவருக்கு ஹாக்கி பிடிக்கும் என்பதால் தன்னுடைய இரண்டு அணிகளையும் காப்பாற்றிக்கொண்டார் என்பதுதான் ஊரறிந்த விளக்கம். 1970 முதல் 1990 வரைக்கும் ஒரு நாட்டின் தேசிய லீக்கில் இரண்டே அணிகள். ஒருவருக்கொருவர் மாறி மாறி ஆடி, கடைசியில் ஒருவருக்குக் கோப்பை. தோற்றவருக்கு இரண்டாம் இடம், அதுவே கடைசி இடமும்.

"சலிக்கவில்லையா?" என்று கேட்டேன்.

"பெர்லினைத் தோற்கடிப்பது எப்படிச் சலிக்கும்?"

கொஞ்ச நேரம் ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருந்தார். "ஷ்டாசிக்காரன் தயவில்தான் எங்களுக்கு ஹாக்கி இருந்தது. பக்கத்துத் தெருவில் ஒருவரை அவன் ஆட்கள்தான் கூட்டிக்கொண்டு போனார்கள். இரண்டும் உண்மை" என்றார். அதைப் பற்றி அப்புறம் பேசவில்லை. அலமாரியிலிருந்து இரண்டு சின்ன கிளாஸ்களை எடுத்துவரச் சொன்னார். அடி கனமாக இருந்தது, விளிம்பு உதட்டில் படுகிற இடத்தில் தாள் அளவுக்குத்தான் தடிமன். அவருடைய ஷிஃப்டில் செய்தவை. நகத்தால் தட்டினேன், நேரம் எடுத்துக்கொண்டு அடங்கியது சத்தம். உள்ளே ஊற்றிய மூலிகைச் சாராயம் படு மோசம். ஒயின் கிளாஸ் செய்யும் ஷ்டோல்ஸ்லே தொழிற்சாலை இன்னும் ஊரில் ஓடுகிறது என்றார்.

1990-இல் நாடு ஒன்றானதும் இரண்டு அணிகளையும் மேற்கு ஜெர்மனியின் முதல் டிவிஷனில் சேர்த்துக்கொண்டார்கள். பெர்லின் அணிதான் இன்றைய ஐஸ்பேரன். 2025 பட்டத்தையும் சேர்த்து ஜெர்மன் சாம்பியன் 11 முறை. வைஸ்வாசர் படிப்படியாகக் கீழே வந்தது. வேடிக்கை என்னவென்றால், இப்போது இருவரும் கூட்டாளிகள். ஐஸ்பேரனில் ஆட வாய்ப்புக் கிடைக்காத இளைஞர்கள் இங்கே அனுப்பப்பட்டு ஃபுக்ஸே சட்டையில் ஆடுகிறார்கள். "பெர்லின் பையன் கோல் போட்டால் நான் கைதட்ட வேண்டியிருக்கிறது. தட்டுகிறேன். மெதுவாக" என்றார் பெரியவர்.

இரவு எட்டரைக்குச் சாப்பிடப் போனால் ஊரில் எல்லா அடுப்பும் அணைந்துவிட்டது. டோனர் கபாப் கடை காப்பாற்றியது. ஏழரை யூரோ, காரம் இரண்டு மடங்கு கேட்டேன். கடைக்காரர் சந்தோஷமாகப் போட்டார்.

ஜனவரி 18, ஞாயிறு – க்ரிம்மிட்ஷாவ்

வெள்ளிக்கிழமை அரங்கத்தில் பார்த்த அம்மாள் ரசிகர் பேருந்தில் எனக்கும் ஓர் இடம் பிடித்திருந்தார். முப்பது யூரோ, ஆட்டத்துக்கு டிக்கெட் தனி. சாக்சனி மாநிலத்தின் ஒரு மூலையிலிருந்து மறுமூலைக்கு இருநூறு கிலோமீட்டருக்கு மேல். பேருந்து ஊர் எல்லை தாண்டும் முன்பே முட்டை மதுபானம் சுற்றுக்கு வந்தது, சாக்லேட் கிண்ணத்தில் ஊற்றி. கிண்ணத்தையும் சேர்த்துத் தின்றுவிடலாம். வீட்டில் பொரித்த ஷ்னிட்சல் இறைச்சித் துண்டுகள், உருளைக்கிழங்கு சாலட், ஊறவைத்த வெள்ளரிக்காய் என்று டப்பாக்கள் இருக்கை தாண்டிப் போய்க்கொண்டே இருந்தன. எனக்கு வேண்டுமா என்று யாரும் கேட்கவில்லை, மடியில் வைத்துவிட்டார்கள். வெளியே வெகுதூரத்துக்கு பாக்ஸ்பெர்க் அனல்மின் நிலையத்தின் வெண்புகை தெரிந்தது. பேருந்தில் பாதிப் பேருக்கு அங்கேயோ சுரங்கத்திலேயோ வேலை, அல்லது வேலை செய்து ஓய்வு.

பேச்செல்லாம் டிரெஸ்டனைச் சுற்றித்தான். 2025-இல் டெல்-2 பட்டத்தை வென்று டிரெஸ்டன் மேல் லீக்குக்குப் போய்விட்டது, பக்கத்து ஊர்ப் பகையாளி இல்லாமல் இவர்களுக்குப் பொழுது போகவில்லை. அதற்குப் பதிலாகக் கீழே வந்தது யார் தெரியுமா, எட்டு முறை ஜெர்மன் சாம்பியனான ட்யூசல்டார்ஃப். பதிமூன்றாயிரம் பேர் உட்காரும் அரங்கத்தை வைத்துக்கொண்டு வைஸ்வாசர் மாதிரி ஊர்களுக்கு வந்து ஆட வேண்டியிருக்கிறது. அதைச் சொல்லும்போது பேருந்தில் ஒருவர் முகத்திலும் பரிதாபத்தைக் காணோம்.

மேலே போக உங்களுக்கு ஆசை இல்லையா என்று கேட்டேன். எல்லோரும் ஒரே நேரத்தில் பேசினார்கள். பட்டம் வென்றால் மட்டும் போதாது, உரிமம் வேண்டும், அதற்கு முன்கூட்டியே விண்ணப்பம், உத்தரவாதப் பணம், தகுதியான அரங்கம். 2023-இல் ராவன்ஸ்பர்க்கும் 2024-இல் ரேகன்ஸ்பர்க்கும் சாம்பியன் ஆகியும் மேலே போகவில்லை. இவர்களுடைய கவலை வேறு. முதல் பத்து இடத்துக்குள் வந்துவிட்டால் மார்ச்சில் நிம்மதி. கடைசி நான்கு அணிகள் தங்களுக்குள் மோதி, அதிலும் தோற்றுப்போகிற அணி மூன்றாம் டிவிஷனுக்கு இறங்கும். அங்கே போனால் இந்த ஊர் தாங்காது என்றார் முன்னிருக்கைக்காரர். எனக்கு அது மிகைப்படுத்தலாகத் தோன்றவில்லை. வெள்ளி இரவு அந்த அரங்கத்தைத் தவிர ஊரில் விளக்கு எரிந்த கட்டடங்கள் சொற்பம்.

க்ரிம்மிட்ஷாவ் பழைய நெசவாலை ஊர். வேலை நேரத்தைப் பத்து மணியாகக் குறைக்கச் சொல்லி 1903-இல் இங்கே தொழிலாளர்கள் மாதக்கணக்கில் நடத்திய வேலைநிறுத்தம் ஜெர்மன் தொழிற்சங்க வரலாற்றில் பெரிய பெயர். ஆலைகள் போய்விட்டன, அருங்காட்சியகம் இருக்கிறது. ஹாக்கி அரங்கம் சான்பார்க் என்கிற பூங்காவுக்குள், மரங்களுக்கு நடுவில். உள்ளே வெளியைவிடக் குளிர், சத்தியமாக. இரண்டு காலுறை போட்டும் கால்விரல் மரத்துப்போனது. அவர்கள் சிவப்பு வெள்ளை, நாங்கள் நீலம் மஞ்சள். 'நாங்கள்' என்று எப்போது எழுத ஆரம்பித்தேன் தெரியவில்லை.

மோசமான ஆட்டம். முதல் பகுதியிலேயே நமக்கு இரண்டு பெனால்டி, ஆள் குறைந்த நேரத்தில் இரண்டு கோல் வாங்கினோம். நடுவர்மேல் எல்லோரும் பாய்ந்தார்கள். எனக்கென்னவோ இரண்டும் சரியான தீர்ப்பாகத்தான் பட்டது, வாயைத் திறக்கவில்லை. மத்தளக்காரர் மட்டும் அறுபது நிமிடமும் விடவில்லை. எதிர்ப்பக்கம் ரசிகர்கள் ஆயிரக்கணக்கில், எங்களுடையது ஒரு மூலை. இடைவேளையில் சாசேஜ் வரிசையில் உள்ளூர்க்காரர் ஒருவர் என் மப்ளரைப் பார்த்து, "வைஸ்வாசரில் இப்போது வெளிநாட்டு ஆட்டக்காரர் ஒதுக்கீட்டில் நீயா?" என்றார். ஒரு நொடி முறைத்தேன். அவர் கடுகுச் சாஸ் பாட்டிலை முதலில் எனக்கு நகர்த்திவிட்டார், சரி என்று சிரித்தேன். இன்னும் கேலிதானா என்று முழுசாக முடிவு செய்யவில்லை.

தோற்றோம். திரும்பும் பேருந்தில் பாட்டு இல்லை, மிச்ச ஷ்னிட்சல் இருந்தது. சாலையில் பனிமழை, ஓட்டுநர் மெதுவாகவே ஓட்டினார். அறைக்கு வந்தபோது நள்ளிரவு தாண்டிவிட்டது. பெரியவருக்கு முடிவைச் செய்தியாக அனுப்பினேன், உடனே பதில் வந்தது. தூங்கவே இல்லை மனிதர். நடுவரைப் பற்றி நான்கு வரி, அச்சில் ஏற்ற முடியாது.

ஜனவரி 19, திங்கள் – பெர்லின் வழியில்

அறைக்கு ஒரு ராத்திரிக்கு 48 யூரோ, காலை உணவு எட்டு. வீட்டுக்காரம்மாள் அவித்த முட்டையை வைத்துவிட்டு, "க்ரிம்மிட்ஷாவில் தோற்பது தனி வலி" என்றார். அவர் ஆட்டத்துக்குப் போவதே இல்லையாம், வானொலிதான். ரயில் இன்று சொன்ன நிமிடத்துக்கு வந்தது.

காட்புஸ் தாண்டும்போது பேருந்து அம்மாளிடமிருந்து செய்தி. அடுத்து ஃப்ரைபுர்க் ஆட்டத்துக்குப் போவதாகத் திட்டம், நாட்டின் மறுகோடி, போக மட்டும் எண்ணூறு கிலோமீட்டர் போல. அவ்வளவு தூரத்துக்குப் பேருந்து கிடையாது, மூன்று பேர் காரில் போகிறார்கள், பின்சீட்டில் ஓர் இடம் இருக்கிறது, பெட்ரோலைப் பங்கு போட்டுக்கொள்ளலாம். ஃப்ரைபுர்க் ஜெர்மனியிலேயே வெயில் அதிகமான ஊர்களில் ஒன்று என்பதையும் கூடவே எழுதியிருந்தார். சான்பார்க்கில் நான் நடுங்கியதைப் பக்கத்திலிருந்து பார்த்தவர் அவர்.